சீலியாக் நோயும் உடல் எடையும்: எடை மெஷின் காட்டும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் நோய்தான் சீலியாக். இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் மனதில் வருவது மெலிந்து, சோர்ந்துபோன ஓர் உருவம்தான். பழைய மருத்துவ நூல்கள் அப்படித்தான் வர்ணித்தன. இன்றைக்கு அந்த வர்ணனை பாதி உண்மைதான். நோய் கண்டுபிடிக்கப்படும்போது சரியான எடையில் இருப்பவர்கள் நிறையப் பேர். கூடுதல் எடையோடு இருப்பவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். "இவ்வளவு உடம்பு இருக்கிறது, சத்து சேராத நோய் எப்படி இருக்கும்?" என்ற எண்ணத்திலேயே பரிசோதனை தள்ளிப்போய், நோய் வருடக்கணக்கில் மறைந்து கிடப்பதும் உண்டு.

சிகிச்சை தொடங்கிய பிறகு வேறு குழப்பங்கள் வருகின்றன. மெலிந்திருந்தவர் "குளூட்டன் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், இன்னும் எடை ஏறவில்லையே" என்று கவலைப்படுகிறார். சரியான எடையில் இருந்தவர் "பத்தியச் சாப்பாடுதான் சாப்பிடுகிறேன், எப்படி எடை ஏறுகிறது?" என்று திகைக்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எடை மெஷினில் தெரியும் எண், நாம் சாப்பிட்ட அளவை மட்டும் காட்டுவதில்லை. சாப்பிட்டதில் குடல் எவ்வளவை உள்ளே எடுத்துக்கொண்டது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். சீலியாக் உள்ளவருக்கு அது மாதத்துக்கு மாதம் மாறலாம். அதனால்தான் பொதுவாகச் சொல்லப்படும் டயட் அறிவுரைகள் இவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

குடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உள்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. இது ஒவ்வாமை அல்ல. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் நோய்களில் ஒன்று. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஹெச்எல்ஏ-டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்றாவது இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த நோய் வருகிறது. அந்த மரபணு இருக்கும் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

சிறுகுடலின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது. பூந்துவாலையில் நூல்கள் மேலெழும்பி நிற்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முளைகள் அதில் நெருக்கமாக நிற்கும். இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறோம். சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் பரப்பை இவைதான் பல மடங்கு பெருக்குகின்றன. குளூட்டனால் தூண்டப்பட்ட தாக்குதலில் இவை குட்டையாகி, கடைசியில் தட்டையாகிவிடுகின்றன. அதன் பிறகு நல்ல சாப்பாட்டையே சாப்பிட்டாலும் அதில் ஒரு பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

இந்தச் சேதம் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் அதிகம். இரும்புச்சத்து முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அங்கேதான். கால்சியம், ஃபோலேட் (பி வைட்டமின்களில் ஒன்று) ஆகியவற்றுக்கும் அந்த மேல்பகுதி முக்கியம். கீழே இன்னும் பல அடி நீளத்துக்குக் குடல் நன்றாக இருக்கலாம். மேலே தவறவிட்ட மாவுச்சத்தையும் கொழுப்பையும் அது ஓரளவு ஈடுகட்டிவிடும். அதனால் கலோரி குறையாது, இரும்புச்சத்து மட்டும் குறையும். உடம்பு பருமனாகவும் இரத்தத்தில் சத்து இல்லாமலும் ஒருவர் இருப்பது இப்படித்தான். எடையை வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டவே முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவியவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தைகள் மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45இல் அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் மோசமாகவில்லை, மாறாகத் தேறினார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதனால் வலுப்பட்டது. 1950இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள் என்றால், அவர்களுக்குச் சிக்கல் தட்டில் இருந்த அளவில் இல்லை என்பது புரிகிறது.

குளூட்டனை விட்டபின் எடை ஏன் ஏறுகிறது?

இன்றைக்கு இருக்கும் ஒரே சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான். தவிர்த்த சில வாரங்களிலேயே பலருக்கு வயிற்றுப்போக்கு, உப்புசம், சோர்வு எல்லாம் குறையத் தொடங்கும். ஆனால் குடலுறிஞ்சிகள் முழுமையாக வளர்ந்து நிமிர வெகுகாலம் ஆகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறிவிடும். பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதைவிட அதிகமும் ஆகலாம்.

இந்த ஆறும் காலத்தில் உறிஞ்சும் திறன் கூடிக்கொண்டே வரும். ஒரு கணக்குக்காக, ஒருவர் தினமும் 2,200 கலோரி சாப்பிடுகிறார், அதில் 200 கலோரி உடலில் சேராமல் போய்க்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். குடல் ஆறியபின் அதே தட்டு, அதே அளவுதான். ஆனால் இப்போது 200 கலோரி கூடுதலாகச் சேர்கிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆகவே ஒரு கவளம்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமலே முதல் மாதத்தில் முக்கால் கிலோ வரை ஏற வாய்ப்பிருக்கிறது. இப்படியே ஏறிக்கொண்டு போகாது. எடை கூடக்கூட உடலின் செலவும் கூடி, ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த முதல் சில மாதங்கள்தான் ஆளைக் கலங்கடிக்கின்றன. மெலிந்திருந்தவருக்கு இது நல்ல செய்தி. மற்றவர் தன்மேல் குறை சொல்லிக்கொள்ளக் காரணமே இல்லை, குடல் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

பசியும் ஒரு காரணம். சத்து சேராமல் இருந்த காலத்தில் அதை ஈடுகட்ட அதிகம் சாப்பிட்டுப் பழகியவர்கள் உண்டு. குடல் ஆறினாலும் அந்தப் பழக்கம் உடனே போகாது. வலி இல்லாமல் சாப்பிட முடிகிறதே என்ற நிம்மதியில் இரண்டு கை கூடுதலாகப் போவதும் இயல்புதான்.

என் கருத்தில் இதைவிடப் பெரிய காரணம், குளூட்டன் இல்லாத பாக்கெட் உணவுகள். ரொட்டி மாவுக்கு இழுவையையும் உப்பிவரும் தன்மையையும் தருவது குளூட்டன். அதை எடுத்துவிட்டால் ரொட்டி உதிர்ந்துபோகும், பிஸ்கட் நொறுங்கிப்போகும். இதைச் சரிக்கட்ட உற்பத்தியாளர்கள் மக்காச்சோள ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், அரிசி மாவு, மாவைப் பிடித்துவைக்கும் ஸாந்தன் கம் என்ற பசை போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சுவைக்கும் மென்மைக்கும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்கின்றன. விளைவாக, சாதாரண ரொட்டியைவிடப் புரதம் குறைவாகவும் பல வகைகளில் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கிறது. நார்ச்சத்தும் பெரும்பாலும் குறைவு. சீக்கிரம் செரித்து, இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றி, சீக்கிரமே மறுபடி பசிக்க வைக்கும். "குளூட்டன் இல்லாதது" என்று அட்டையில் இருந்தால் அது ஒரே ஒரு தகவலைத்தான் சொல்கிறது. உடலுக்கு நல்லது என்றோ எடையைக் குறைக்கும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்பும் பி வைட்டமின்களும் சேர்த்து விற்கிறார்கள். மாற்று மாவுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

எடை ஏற வேண்டியவர்களுக்கு

முதல் சில வாரங்களில் எடை ஏறவில்லை என்று பதறத் தேவையில்லை. ஆறாத குடலுக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் அது தாங்காது. சிறிய அளவில், அடிக்கடி சாப்பிடுவது நல்லது. முட்டை, மீன், பருப்பு வகைகள், கொட்டைகள், விதைகள், சமையலில் நல்ல எண்ணெய் என்று சிறிய அளவிலேயே சத்து அதிகம் உள்ளவற்றைச் சேர்க்கலாம். கொழுப்பான உணவுக்குப் பிறகு மலம் பளபளப்பாக, மிதக்கும்படி போனால் கொழுப்பு இன்னும் சரியாகச் சேரவில்லை என்று பொருள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாலைக் குடித்தால் வயிறு கலங்குகிறது என்று பலர் சொல்வார்கள். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் உருவாகிறது. நுனி தேய்ந்துபோனால் அந்த நொதியும் குறைந்துவிடும். குடல் ஆறியதும் பெரும்பாலோருக்கு இது சரியாகிவிடும். அதுவரை தயிர், கெட்டியான சீஸ், லாக்டோஸ் நீக்கிய பால் ஆகியவற்றை முயன்று பார்க்கலாம். பாலை மொத்தமாக நிறுத்திவிட்டால், ஏற்கெனவே குறைந்திருக்கும் கால்சியம் இன்னும் குறையும்.

ஏறும் எடையில் தசையும் சேர வேண்டும். அதற்குப் புரதம் மட்டும் போதாது. தெம்பு வந்ததும் எடை தூக்குதல், ரப்பர் பட்டைப் பயிற்சி போன்ற எதிர்ப்புப் பயிற்சிகளை மெதுவாகத் தொடங்கலாம். மிகவும் மெலிந்துபோனவர்கள் மட்டும் தாங்களாகவே அளவுக்கு மீறிச் சாப்பிட்டு ஏற்ற முயலக்கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிடும்போது இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகலாம். அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு அவசியம்.

எடை குறைக்க விரும்புகிறவர்களுக்கு

முதல் ஆறு மாதமாவது எடைக் குறைப்பை இலக்காக வைக்காமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்தில் கற்க வேண்டியது ஏராளம்: எதில் குளூட்டன் ஒளிந்திருக்கிறது, லேபிளை எப்படிப் படிப்பது, வெளியே எப்படிச் சாப்பிடுவது. உடலும் இரும்பு, ஃபோலேட், வைட்டமின் டி என்று பழைய பாக்கிகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கலோரியைக் கடுமையாகக் குறைத்தால் இந்தச் சேமிப்பு தடைபடும். சர்க்கரை நோய் போன்ற காரணங்களால் காத்திருக்க முடியாது என்றால் மருத்துவரோடும் டயட்டீஷியனோடும் பேசித் திட்டமிடுங்கள்.

தொடங்கும்போது முதல் மாற்றம் பாக்கெட்டிலிருந்து விலகுவது. இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை எத்தனையோ இருக்கின்றன: அரிசி, மக்காச்சோளம், சோளம், சிறுதானியங்கள், கினோவா, பருப்பு, பயறு, கிழங்குகள், காய்கள், பழங்கள், முட்டை, மீன், இறைச்சி. இவற்றை வைத்துச் சமைத்தாலே நார்ச்சத்தும் புரதமும் கூடி, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் அதை எட்ட முயன்றால் வயிறு உப்பிவிடும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

தானியத்தை மாவாக வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கோதுமை அரைக்கும் இயந்திரத்திலேயே அரைத்திருந்தால் அதில் குளூட்டன் கலந்திருக்கும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் உள்ளதையே குளூட்டன் இல்லாதது என்று அழைக்க அனுமதிக்கிறது. ஓட்ஸிலும் இப்படிக் கோதுமை கலந்திருக்கலாம். கலப்படமில்லாத ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைச் சேர்க்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, தினசரித் தேவையிலிருந்து சுமார் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ அளவில் இறங்கும். அதற்கு மேல் வேகம் வேண்டாம். சீலியாக் உள்ளவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேகமாக எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் எலும்பின் அடர்த்தியும் குறையும். நாள்கணக்கில் ஜூஸ் மட்டும் குடிப்பது, ஏதோ ஓர் உணவு வகையையே முழுக்க ஒதுக்குவது போன்றவை இவர்களுக்கு உகந்தவை அல்ல. ஏற்கெனவே ஒரு பெரிய பட்டியலை ஒதுக்கிவிட்ட உணவில் இன்னொரு பட்டியலையும் வெட்டினால் சத்துக்கு இடமே இருக்காது. நடை, மாடி ஏறுதல், எடைப் பயிற்சி ஆகியவை எலும்புக்கும் தசைக்கும் சேர்த்தே உதவும்.

புரதப் பவுடர், எடைக் குறைப்பு மாத்திரை போன்றவற்றில் பார்லி மால்ட்டோ கோதுமை ஸ்டார்ச்சோ இருக்கலாம். லேபிளில் தெளிவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

எடை மெஷினை நம்பக்கூடாத நாட்கள்

தெரியாமல் குளூட்டன் உள்ளே போய்விட்ட பிறகு வயிறு உப்பும், சிலருக்கு மலச்சிக்கல் வரும், சிலருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறியதுபோலவோ இறங்கியதுபோலவோ தெரியலாம். அது பெரும்பாலும் நீரும் குடலில் தங்கியிருப்பதும்தான், கொழுப்பு அல்ல. அந்த எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கவோ கூட்டவோ செய்யாதீர்கள். காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, வாரச் சராசரியை வைத்துக்கொள்வது நம்பகமானது. இடுப்புச் சுற்றளவையும் வயிறு உப்பாத நாளில் அளந்து வையுங்கள்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். குளூட்டன் சாப்பிட்டால் எடை குறையும் என்று தெரிந்துகொண்டு, எடை ஏறும் பயத்தில் வேண்டுமென்றே அதைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சேராமல் போவது கலோரி மட்டும் அல்ல. இரும்பும் கால்சியமும் ஃபோலேட்டும் கூடவே போகின்றன. குடல் ஓயாமல் தாக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் எலும்புப்புரை வரலாம், கருத்தரிப்பதில் சிக்கல் வரலாம், அரிதாகக் குடலில் லிம்போமா என்ற புற்றுநோய்கூட வரலாம். எந்நேரமும் சாப்பாட்டைக் கண்காணித்தே வாழ வேண்டிய நோய் இது என்பதால், சாப்பிடுவதே பயமாகிவிடுவதும் எளிதில் நடக்கும். அப்படி ஓர் எண்ணம் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சீலியாக் இல்லாதவர் எடை குறைக்க குளூட்டனை விடலாமா என்று கேட்பவர்களுக்கு: குளூட்டன் ஒரு புரதம், அதற்கென்று கொழுக்க வைக்கும் தன்மை எதுவும் கிடையாது. சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பரிசோதனைக்கு முன் குளூட்டனை நிறுத்தவே கூடாது. நிறுத்திவிட்டால், இந்த நோயில் கூடும் எதிர்ப்புப் பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனையும், குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.

எடை எதிர்பார்த்தபடி நடக்காதபோது

கண்டிப்பாகப் பத்தியம் இருந்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒளிந்திருக்கும் குளூட்டனை. பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலுக்குப் பாதிப்பு வராது என்பது பொதுவான கணக்கு. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் இருப்பது கிராம் கணக்கில். அப்படியானால் ஒரு சிறு துணுக்கே வரம்பைத் தாண்டிவிடும். பகிர்ந்துகொள்ளும் டோஸ்டர், சோயா சாஸ், மால்ட் சேர்ந்த பானங்கள், சில மருந்துகள் என்று தேட வேண்டிய இடங்கள் பல. டயட்டீஷியனோடு உட்கார்ந்து ஒரு வாரச் சாப்பாட்டை வரிவரியாகப் பார்ப்பது இதற்கு நல்ல வழி.

அதில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். கணையம் போதிய நொதிகளைச் சுரக்காமல் இருக்கலாம், சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம். உடல் தன்னைத் தாக்கும் நோய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இயல்புடையவை என்பதால் தைராய்டையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு அதிகம் சுரந்தாலும், முதல் வகை சர்க்கரை நோய் வந்தாலும் எடை இறங்கும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் எடை இறங்க மறுக்கும். குளூட்டனை முழுதாக விட்டும் குடல் ஆறாத அரிய வகை ஒன்றும் உண்டு. ஒருமுறை நன்றாகத் தேறியவருக்கு மறுபடி எடை குறைந்து, கூடவே காய்ச்சலோ தீராத வயிற்றுவலியோ இருந்தால் தாமதிக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் எடையைத் தனியாகப் பார்க்கக்கூடாது. உயரமும் எடையும் சேர்ந்த வளர்ச்சி வரைபடம்தான் அளவுகோல். குளூட்டனை நிறுத்தியபின் பெரும்பாலான குழந்தைகள் விட்ட வளர்ச்சியை வேகமாக எட்டிப்பிடிப்பார்கள். அந்த நேரத்து எடை ஏற்றத்தைப் பார்த்து வீட்டில் டயட் போடுவது தவறு.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வாரச் சராசரி எடை, வயிற்றுத் தொந்தரவு வந்த நாட்கள், தற்போது எடுக்கும் மருந்துகள், சத்து மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டிடிஜி அளவு குறைந்துவருகிறதா, இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி எப்படி இருக்கின்றன, எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எடையை ஏற்றுவதா, இறக்குவதா, இப்போதைக்கு அப்படியே விடுவதா என்பதை அந்த விடைகளை வைத்து இருவரும் முடிவு செய்யலாம்.